சரசாவின் ஆட்காட்டி விரல்

எண்பத்தேழு.

சுவேதா கண்ணை இறுக மூடித் திறந்தாள். விரலைக் கவ்வியிருந்த சின்னக் கருவியில் சிவப்பு எண் ஒருமுறை துடித்து எண்பத்தாறு ஆனது. அந்த விரல் அவள் அம்மாவுடையது. அம்மா பானுப்பிரியா கம்பெனி கேன்டீனில், சாப்பாட்டு மேசைகளுக்கு நடுவே, நான்காவது சுற்றைப் பாதியில் விட்டுவிட்டுத் தண்ணீர் டிரம்மைக் கட்டிப் பிடித்தபடி நின்றாள். நின்றாள் என்பதே மரியாதைக்குச் சொல்வதுதான். டிரம்தான் அவளை நிறுத்தி வைத்திருந்தது. உதடு வெளுத்திருந்தது. கழுத்துக்குழி உள்ளே போய்ப் போய் வந்தது.

“மா, உக்காரும்மா. மா!”

“ஒண்ணுமில்லடி... செருப்பு வாரு அறுந்துகிச்சு.”

அம்மாவின் காலில் செருப்பே இல்லை. நடைச் சோதனைக்காகக் கழற்றிச் சுவரோரம் விட்டிருந்தாள்.

ஆறு நிமிடம் நடக்க வேண்டிய சோதனை. மூன்றரைதான் ஆகியிருந்தது. ஆராய்ச்சிக்காக வந்திருந்த டாக்டர் ஸ்வாதி கடிகாரத்தை நிறுத்திவிட்டு ஓடி வந்தாள். “போதுங்க்கா, போதுங்க. மொதல்ல உக்காருங்க.”

ஸ்வாதி ஈரோட்டுக்காரி. அவள் வாய் திறந்து ‘ங்க’ என்றாலே தையல் லைன் பெண்கள் ஒருவர் விலாவில் ஒருவர் குத்திக்கொண்டு சிரிப்பார்கள். இப்போது பெஞ்சுகளில் வரிசையாக உட்கார்ந்திருந்த நாற்பது பேரில் ஒருத்தியும் சிரிக்கவில்லை. எல்லாரும் வாசலைப் பார்த்தார்கள். வாசலில் டீ டம்ளரோடு நின்றுகொண்டிருந்தான் சூப்பர்வைசர் குணசேகரன்.

“இன்னா பானு, ஷிப்மென்ட் அன்னிக்கி பேய் மாதிரி பீஸு தள்ளுற. நாலு சுத்து நடக்க சொன்னா டிரம்மாண்ட கொஞ்சிகினு நிக்கிற?”

சுவேதா அட்டையில் செருகிய படிவங்களை மார்போடு அணைத்துக்கொண்டாள். பதினாறு வயதில் அவள் பார்த்த பயங்களில் இதுதான் பெரியது. அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்பது ஒரு பாதி. இந்த நடையை நடக்க வைத்தவள் தான்தான் என்பது மறுபாதி. அது இந்தக் கூடத்தில் ஸ்வாதிக்கு மட்டும்தான் தெரியும்.

நடந்தது இதுதான்.

கொரோனா வந்துபோனவர்களின் உடம்பும் பழக்கமும் இத்தனை வருடம் கழித்து எப்படி இருக்கின்றன என்று ஒரு மருத்துவக் கல்லூரி ஆராய்ச்சி செய்தது. அம்பத்தூர், பாடி, மண்ணூர்பேட்டை என்று தெருத்தெருவாகப் படிவம் நிரப்ப ஆள் தேவைப்பட்டது. காலாண்டு விடுமுறையில் என்.எஸ்.எஸ். பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிவைத்தது. பிளஸ் ஒன் படிக்கும் சுவேதா ஸ்வாதியின் குழுவில் சேர்ந்தாள். முதல் நாளே ஸ்வாதிக்கு அவள் இல்லாமல் முடியாது என்று ஆகிவிட்டது. “கடந்த ஆறு மாதங்களில் மாடிப்படி ஏறும்போது உங்களுக்கு மூச்சுத் திணறல் ஏற்பட்டதா?” என்று ஸ்வாதி வாசித்தால், “இல்லமா, நல்லாத்தான் கீறேன்” என்பார்கள். சுவேதா பக்கத்தில் உட்கார்ந்து, “ஏன்கா, ஸ்டேஷன் படில ஏறி எத்தினி நாளாச்சு?” என்று கேட்பாள். “அய்ய, அதெல்லாம் ஏறியே மூணு வருசம் ஆவுது. கீயே தண்டவாளத்துல பூந்து வந்துடுவேன்” என்று பதில் வரும். ஸ்வாதி பேனாவை வாயில் வைத்துக்கொண்டு அவளையே பார்ப்பாள்.

அப்புறம் அம்மாவின் கம்பெனி வந்தது. வெளிநாட்டுக்குச் சட்டை தைத்து அனுப்பும் கம்பெனி. ஊர் வாயில் ‘எக்ஸ்போர்ட்டு’. ஸ்வாதிக்கு அங்கே ஒரு புதையல் கிடைத்தது. கேட்டில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவர் விரலிலும் கருவியை மாட்டி, ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று எழுதிவைத்த ரிஜிஸ்டர்கள். நாலு வருடத்துக்கு ஒரு நாள் விடாமல் இருந்தன.

கொரோனா சமயத்தில் கேட் ஜன்னலில் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டைத் தொங்கவிட்டு, கை நுழையும் அளவுக்கு அதில் ஓட்டை போட்டிருந்தார்கள். வெளியிலிருந்து விரலை நீட்டி டோக்கன் நம்பரைச் சொல்ல வேண்டும். உள்ளே உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேன் கஜபதி கருவியை மாட்டிப் பார்த்து எழுதுவார். தொண்ணூற்றைந்துக்குக் கீழே காட்டினால் அன்றைக்கு வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். ஊரே முகக்கவசத்தை மறந்த பிறகும் இந்த வழக்கம் நின்றபாடில்லை. ஆடிட்டுக்கு வரும் வெள்ளைக்காரர்கள் ரிஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். அதற்காகவே அது நடந்தது. பிளாஸ்டிக் ஷீட் கீறல் விழுந்து பழுப்பேறி, அந்தப் பக்கம் நிற்பது ஆளா தூணா என்று தெரியாத நிலைக்கு வந்திருந்தது.

சுவேதாதான் அந்த எண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். டோக்கன் முந்நூற்றுப் பதினாலு அம்மாவுடையது. தொண்ணூற்றெட்டு. மறுநாள் தொண்ணூற்றெட்டு. நாலு வருடமும் தொண்ணூற்றெட்டு. படுத்தால் இருமல் வருகிறது என்று பீரோவில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குகிற அம்மாவுக்கா? ஆன்லைன் வகுப்புக் காலத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம், சுவேதாவுக்கு ராத்திரி ஒரு மணிக்கு முன்னால் தூக்கம் வராது. அப்படி விழித்திருந்த ஒரு ராத்திரி, பழகிப் பார்க்க ஸ்வாதி கொடுத்திருந்த கருவியைத் தூங்கும் அம்மாவின் விரலில் மாட்டினாள். தொண்ணூறு.

காலையில் கேட்டதும் அம்மா கோபப்படவில்லை. இடுப்பில் கை வைத்துச் சிரித்தாள். “அது என் விரலு இல்லடி. சரசா விரலு.”

கேட் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஐடி கார்டைச் சரிசெய்வதுபோல ஒருத்தி நிற்பாளாம், பெயர் சரசா. இவர்கள் ஓட்டைக்கு முன்னால் வந்து டோக்கன் நம்பரைச் சொல்வார்கள். பக்கவாட்டிலிருந்து சரசா தன் ஆட்காட்டி விரலை நீட்டுவாளாம். யாருடைய மூச்சு அன்றைக்குச் சரியில்லையோ அவளுக்குச் சரசா விரல். லைனில் பதினைந்து பேருக்கு மேல் அப்படித்தான் உள்ளே போகிறார்களாம்.

“இன்னிய தேதிக்கி அவ விரலு மாதிரி ஒரு விரலு அம்பத்தூர்லயே கெடையாது,” என்றாள் அம்மா பெருமையாக. “நீ போயி அந்த டாக்டரம்மாகிட்ட வாய வுட்டுட்டு வராத. அப்பால அத்தினி பேரும் ஊட்ல குந்திக்க வேண்டியதுதான்.”

சுவேதா வாயை விடவில்லை. மூன்று நாள். நான்காம் நாள் ஸ்வாதி சந்தோஷமாக வந்து சொன்னாள்: இந்தப் பக்கம் வேலை செய்கிற பெண்களுக்கு நீண்டகாலப் பாதிப்பு எதுவும் இல்லை என்று ரிஜிஸ்டர் காட்டுகிறதாம். இங்கே தொடங்கவிருந்த நுரையீரல் சிகிச்சைப் பிரிவை வேறு ஊருக்கு மாற்றிவிடலாம் என்று கல்லூரியில் பேசிக்கொள்கிறார்களாம். “நல்ல சேதிதானுங்க?” என்றாள். அன்று ராத்திரி சுவேதா போர்வைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு, வாட்ஸ்அப்பில் நாலு தடவை தட்டி நாலு தடவை அழித்து, கடைசியில் குரலாகவே அனுப்பிவிட்டாள். “அக்கா, அதுல கீறது எல்லாம் ஒருத்தரோட விரல்கா. பேரெல்லாம் கேக்காதீங்க. நீங்களே அவங்கள நடக்க வெச்சு பாருங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க, ப்ளீஸ்கா.” அழுகிற சத்தம் அதில் பதிவாகாமலிருக்க வாயை ஒரு கையால் பொத்தியிருந்தாள்.

அதன் பலன்தான் இந்த எண்பத்தாறு.

பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு வாய் தண்ணீர் குடித்ததும் அம்மாவுக்குக் குரல் வந்தது. வந்ததுமே பொய்தான் வந்தது.

“இந்த மெசினு டுபாக்கூரு சார். கேட்ல தெனம் தொண்ணூத்தெட்டு காட்டுதே.”

“அதான?” என்றான் குணசேகரன். “டாக்டரம்மா, உங்க மெசினு சைனா மாலு. எங்க மெசின்ல பாப்போம். கஜபதி! கேட் மெசின எடுத்துகினு வா. அப்படியே ரிஜிஸ்டரும் எடுத்தா.”

கஜபதி வந்தார். அறுபதைத் தொட்ட மனிதர், காக்கிச் சட்டையின் மேல் பட்டன் எப்போதும் திறந்திருக்கும். யார் முகத்தையும் பார்க்காமல் கருவியை நீட்டினார். அம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள். பக்கத்தில் சரசா நின்றிருந்தாள். ஆனால் நடுவில் ஷீட்டும் இல்லை, ஓட்டையும் இல்லை. வேறு வழியில்லாமல் தன் விரலையே நீட்டினாள்.

எண்பத்தெட்டு.

குணசேகரன் குனிந்து பார்த்தான். ரிஜிஸ்டரைப் புரட்டினான். முந்நூற்றுப் பதினாலுக்கு நேரே விரலை ஓட்டினான். நேற்று தொண்ணூற்றெட்டு. இன்று காலை தொண்ணூற்றெட்டு.

“ரெண்டு மெசினும் டுபாக்கூரா?” என்றான் மெதுவாக. “இன்னா கதை இது? காலீல எட்டு மணிக்கு தொண்ணூத்தெட்டு, பதினோரு மணிக்கு எண்பத்தெட்டா?”

“நீ ஒரு தபா மாட்டி காட்டு சார், மெசினு சரியா கீதான்னு பாத்துடலாம்,” என்றது பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல். தைத்த சட்டைகளில் நூல் வெட்டும் கண்ணம்மா.

“எனக்கு இன்னாத்துக்கு?”

“சொம்மாதான் சார். தெனம் மாடி ரூமுக்கு போயிட்டு வந்து கதவ புடிச்சிகினு நிக்கிறியே, அத்தொட்டு கேட்டேன்.”

குணசேகரன் இரண்டு கையாலும் டீ டம்ளரைப் பிடித்துக்கொண்டான். டம்ளரில் டீ எப்போதோ தீர்ந்திருந்தது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் அவனை உசுப்பிவிட்டது.

“சரி. விளையாட்டு போதும். தொண்ணூத்தஞ்சுக்கு கீய வந்தவங்க டோக்கன் நம்பரெல்லாம் எனக்கு வேணும். இந்தா பொண்ணு, அந்த பேப்பர குடு.”

அவன் கை நீட்டியது சுவேதாவிடம்.

ஸ்வாதி குறுக்கே வந்தாள். “சார், அது தர முடியாதுங்க. ஆராய்ச்சிக்கு வந்தவங்க விவரம் ரகசியம்ங்க. எழுதிக் கொடுத்துத்தான் நாங்க உள்ள வந்தோம்.”

“எங்க கேன்டீன்ல, எங்க ஷிப்ட்டுல, எங்க ஆள நடக்க வெச்சு எழுதிகினு, எங்களுக்கே ரகசியமா? இரு, எச்.ஆர். கிட்ட பேசிக்கிறேன்.” போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டான். மறுமுனையில் மேனேஜர் இரண்டு நிமிடம் இங்கிலீஷில் பொரிந்தார். ஸ்வாதி “எஸ் சார், நோ சார், பட் சார்” என்று சொல்லிச் சொல்லிச் சின்னவளாகிக்கொண்டே போனாள். கடைசியில், “எங்க பேராசிரியர்கிட்ட கேட்டுட்டு...” என்று இழுத்தாள்.

அந்த இழுப்பைக் கேட்டதும் சுவேதாவுக்கு, ராத்திரி போர்வைக்குள் கேட்ட தன் குரல் திரும்பக் கேட்டது. டாக்டரை நம்பிச் சொன்னோம். டாக்டர் பேராசிரியரைக் கேட்கப் போகிறாள். அவர் யாரைக் கேட்பாரோ. அதற்குள் இந்தப் பேப்பர் கைமாறிவிடும். நடக்கும் முன்பே விரலில் மாட்டிப் பார்த்ததில் தொண்ணூற்றைந்துக்குக் கீழே வந்த பதினைந்து பேருடைய டோக்கனும் இதில் இருக்கிறது, தன் கையெழுத்தில்.

அவள் படிவங்களை அட்டையோடு பெஞ்சில் வைத்தாள். வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

“தே, எழுந்துரு.”

“முடியாது சார்.”

“முடியாதா? நீ யாரு இதுல? உனக்கு இன்னா வேலை இங்க?”

காலை அழுத்தி ஊன்றிக்கொண்டாள். “எழுதுறது நானு,” என்றாள். “நான் எழுதுனத நான் குடுக்க மாட்டேன்.”

“பானு, உன் பொண்ண எழுந்துக்க சொல்லு. உன் நல்லதுக்கு சொல்றேன்.”

அம்மா மகளைப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே சுவேதாவுக்குப் புரிந்துவிட்டது, அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. யார் சொல்லி டாக்டர் இன்றைக்கு நடக்க வைத்தாள் என்று அம்மா கணக்குப் போட்டு முடித்துவிட்டாள். சுவேதா உதட்டைக் கடித்துக்கொண்டாள். கன்னத்தில் ஒன்று விழும் என்று காத்திருந்தாள்.

“எத்தினின்னு எழுதுன?” என்றாள் அம்மா.

“எண்பத்தாறு.”

“அத்தயே வெய்யி.” அம்மா மூச்சை இழுத்துப் பிடித்தாள். “டோக்கன் நம்பரு மட்டும் வேணாம். பானுப்பிரியா, லைன் ரெண்டு, காலர் மெசினுன்னு பேரும் போட்டு எழுது. எனக்கு இன்னா வெக்கம்? திருடுனேனா?” குணசேகரன் பக்கம் திரும்பினாள். “தோ பாரு சார். நாலு வருசமா இந்த மூச்ச வெச்சிகினுதான் தெனம் ஆறுநூறு காலரு தச்சேன். ஒரு பீஸு திரும்பி வந்துச்சா? வந்துச்சான்னு சொல்லு.”

“அது வேற விசயம்...”

“அதான் சார் விசயமே.”

அப்போது சரசா முன்னால் வந்தாள். நாற்பது வயது, ஒல்லி, எப்போதும் எதையோ தேடுகிற கண். தன் வலது கையை உயர்த்தி ஆட்காட்டி விரலைக் காட்டினாள். பழைய ஊசி பாய்ந்து நகம் நடுவில் இரண்டாகப் பிளந்திருந்தது.

“சார், நாலு வருசமா இந்த விரலுதான். யாரும் கேக்கல, நானாத்தான் குடுத்தேன். எந்த தண்டனயா இருந்தாலும் எனக்கு குடு.”

குணசேகரன் கஜபதியைப் பார்த்தான். “யோவ், உனக்கு தெரியாதா இது?”

கஜபதி தொண்டையைச் செருமினார். “தெரியாம இன்னா நைனா? நகம் ரெண்டா பொளந்த விரலு இந்த கம்பெனில எத்தினி பேருக்கு கீது? தெனம் அதே விரலு இருவது தபா வந்து பூந்தா எனக்கு கண்ணு இல்லியா?”

“அப்பறம் ஏன்யா எழுதுன?”

“தொண்ணூத்தி ரெண்டுன்னு எழுதி நாலு பேர திருப்பி அனுப்புனா, லைன்ல ஆளு கம்மின்னு எட்டரைக்கு என்னாண்ட வந்து கத்துறது நீதான நைனா? தொண்ணூத்தெட்டுன்னு எழுதுனா நீயும் கம்னு கீற, வெள்ளக்காரனும் கம்னு போறான். எனக்கு இன்னா, மசி ஒண்ணுதான்.”

இந்தத் தடவை சிரிப்பு களுக்கென்று வரவில்லை. கேன்டீன் கூரை அதிர்ந்தது. ஸ்வாதிகூடச் சிரித்துவிட்டாள். சிரிப்பு அடங்கும் முன்பே சரசா சுவேதாவின் பக்கம் குனிந்தாள்.

“எனக்கும் எழுது கண்ணு. என் விரலு நல்லாத்தான் கீது. தலதான் வேல செய்யல. அந்த காய்ச்சல் வந்துட்டு போனதுல இருந்து நூலு மாத்துனனா இல்லியான்னு ரெண்டு தபா மூணு தபா பாக்குறேன். ஊட்டுக்கு போற பஸ்ஸு நம்பரு மறந்து பாடில நின்னுகினு அழுதுகீறேன். அத்த கேக்குற கேள்வியே உன் பேப்பர்ல இல்ல. மத்தவங்களுக்கு விரலு குடுத்தேன். எனக்கு யாரு தலய குடுப்பாங்க?”

படிவத்தில் அதற்கு இடமில்லை. சுவேதா பின்பக்கத்தைத் திருப்பி, வெள்ளையாக இருந்த இடத்தில் எழுதினாள். அவள் எழுதுவதைப் பார்த்ததும் கண்ணம்மா எழுந்தாள். “எனக்கு மோப்பமே இல்லமா. பாலு தீஞ்சி அடி புடிச்சா பக்கத்து ஊட்டுக்காரி வந்துதான் சொல்லணும். அதயும் போடு.” அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. “நான் ராத்திரி சோறே துன்றதில்ல, துன்னா நெஞ்சு படபடன்னு அடிக்குது. டீயும் பன்னும்தான்.” இன்னொருத்தி, “எங்கூட்டுக்காரரு அப்ப ஊட்லயே குந்திகினு குடிக்க ஆரம்பிச்சவரு இன்னும் எழுந்துக்கல. இத்த எழுதுவியா மாட்டியா?”

“எழுதுறேன்கா. எழுதுறேன்.”

“லைன் நிக்குது!” என்று குணசேகரன் கத்தினான். “முக்கா மணி நேரமா லைன் நிக்குது!”

“நிக்கட்டும் சார்,” என்றாள் அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே. “அதுக்கும் ரவ மூச்சு வாங்கட்டும்.”

ஒவ்வொருத்தியாக எழுந்து நடந்தார்கள். யாரும் யாருடைய விரலையும் கேட்கவில்லை. நடந்து முடித்ததும் அவரவர் எண்ணை அவரவரே உரக்கச் சொன்னார்கள். தொண்ணூற்று ஒன்று, லைன் ரெண்டு, முத்தம்மாள். எண்பத்தொன்பது, பட்டன் மெஷின், பேரு போடு. தொண்ணூற்றாறு என்று ஒருத்திக்கு வந்தபோது மற்றவர்கள் கை தட்டினார்கள். கஜபதி ரிஜிஸ்டரில் ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பி, அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொண்டு வந்தார். நாற்பதில் பத்தொன்பது பேர் தொண்ணூற்றைந்துக்குக் கீழே.

குணசேகரன் வெளியே போய் மறுபடியும் போன் பேசிவிட்டு வந்தான். இப்போது அவன் கத்தவில்லை. கத்தாமல் பேசியதுதான் சுவேதாவுக்குப் பயமாக இருந்தது.

“எச்.ஆர். சொல்லிட்டாரு. இதெல்லாம் கொரோனாவால வந்ததுன்னு யாரு சொன்னது? பானுவுக்கு கொரோனாக்கு முன்னாடி, வேலைக்கி சேரும்போதே வீசிங் கீது, மறைச்சி சேந்துகீறா. பொய் சொல்லி சேந்தவங்கள கம்பெனி வெச்சிக்க முடியாது. திங்கக்கெழம கேட்டுக்கு வர வேணாம். மத்தவங்களுக்கும் அதே ரூலுதான். பானு விசயத்துல எப்படியோ அப்படியே எல்லாருக்கும்.”

“எங்க அம்மாவுக்கு முன்னாடி ஒண்ணும் இல்ல!” என்று சுவேதா எழுந்து நின்று கத்தினாள்.

“அத்த எழுதி குடு பாப்போம்,” என்றான் அவன்.

ஸ்வாதியின் முகம் மாறியது. பையிலிருந்து ஒரு தனித் தாளை உருவினாள். படிவத்தின் ஏழாம் பக்கம். இதுவரை யாருக்கும் நிரப்பத் தேவைப்படாததால் கட்டிலேயே கிடந்த பக்கம்.

“குடும்பத்துல ஒருத்தரு எழுதிக் கையெழுத்துப் போடணுமுங்க,” என்றாள். “தொற்றுக்கு முன்னாடி அவங்க எப்படி இருந்தாங்கன்னு கூட இருந்து பார்த்தவங்க சொல்றது. அது இருந்தா இது அதுக்கப்புறம் வந்ததுன்னு எங்க பேராசிரியரே கம்பெனிக்கு எழுதுவாரு. அதைத் தள்ள முடியாதுங்க. பானு அக்காவுது ஒண்ணு நின்னுச்சுன்னா மத்த எல்லாரோடதும் நிக்கும்.”

“என் பொண்ணு எழுதுவா,” என்றாள் அம்மா. “அவ அப்பன் லாரியோட நாக்பூர்ல கீறாரு. எம் பொண்ணு இருக்கா. எழுதுடி.”

நாற்பது பேரும் அவளைச் சுற்றி வந்து நின்றார்கள். யாரோ ஒரு ஸ்டூலைத் தள்ளிவிட்டார்கள். சுவேதா உட்கார்ந்து ஏழாம் பக்கத்தை முழங்காலில் விரித்தாள். தலைப்புக்குக் கீழே ஐந்து வரி காலியாக இருந்தது. பேனாவை வைத்தாள்.

பள்ளிக்கூடத்தை மூடியபோது அவள் ஐந்தாம் வகுப்பு. ஊரடங்கு என்றதும் அப்பா அவளைக் கொண்டுபோய்ப் பூந்தமல்லியில் கெங்கம்மாள் அத்தை வீட்டில் விட்டார். ஒரு மாதம் என்று சொல்லிப் போனது ஒன்றே முக்கால் வருடம் ஆனது. அந்த நடுவில்தான் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது, பத்து நாள் அந்த ஒற்றை அறையில் தனியாகக் கிடந்தது, எழுந்தது எல்லாம். சுவேதா திரும்பி வந்தபோது அம்மா பஸ் நிறுத்தத்தில் கட்டையின் மேல் உட்கார்ந்திருந்தாள். எழுந்து வந்து தூக்கவில்லை. இருந்த இடத்திலிருந்தே கை நீட்டினாள். அம்மா எப்போதுமே இப்படித்தான் என்று சுவேதா எடுத்துக்கொண்டுவிட்டாள். அதற்கு முன்னால்?

தேடினாள். பாடி மேம்பாலத்துக்குக் கீழே பஸ்ஸுக்குப் பின்னால் ஓடிய ஒரு பச்சைப் புடவை நினைவுக்கு வந்தது. அது அத்தையுடையதாகவும் இருக்கலாம். யாரோ இடுப்பில் தூக்கிக்கொண்டு தண்டவாளம் தாண்டியது நினைவுக்கு வந்தது, முகம் வரவில்லை. இருமல் இருந்ததா? ராத்திரி படுத்துத்தான் தூங்குவாளா? பத்து வயதுப் பிள்ளை தன் அம்மா எப்படி மூச்சு விடுகிறாள் என்றா கவனித்துக்கொண்டிருக்கும்?

ஒரு வரி போதும். ‘என் அம்மா நன்றாக ஓடுவார்.’ எழுதிவிட்டால் திங்கட்கிழமை கேட் திறந்துவிடும், பத்தொன்பது பேருக்கும். காலையிலிருந்து இந்தப் பேனா பொய்யாக ஒரு எண்கூட எழுதவில்லை. அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். அம்மாவும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், பதிலைத் தானே தெரிந்துகொள்ளக் காத்திருப்பவள் மாதிரி, கழுத்துக்குழி ஏறி இறங்க.

ஸ்வாதி அவள் தோளில் கை வைத்துக் குனிந்தாள்.

“பயப்படாம நீ பார்த்ததைச் சொல்லு கண்ணு. அதுக்கு முன்னாடி, அம்மா எப்படி இருந்தாங்க?”